கோடு வரைக்கும் தண்ணீர்

கண்ணாடித் தொட்டியை நாலு பேர் பிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார மமதாம்மா படிக்கட்டின் நடுவில் வந்து நின்றுகொண்டாள். பெங்களூர் ஈஜிபுராவில் ஒருவர் படியேறினால் எதிரில் இறங்குகிறவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

"ஹரீஷ், இது எஷ்டு வெயிட்டு? தண்ணி ஊத்தினா தாங்குதா? கீழ நான்தானே மலகோது?" என்றாள். தமிழில் பேச ஆரம்பித்தாலும் தூக்கம் மட்டும் அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும்.

"தாங்கும்" என்றான் ஹரிஷ்குமார்.

அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் வராது என்று தெரிந்ததால், பின்னால் மோட்டார்ப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அவன் மாமியார் சாந்தகுமாரி தலையை நீட்டினாள். "சும்னே பயப்படாதீங்கம்மா. எங்க மாப்ள இஞ்சினியரு. அளந்து பாக்காம செய்வாரா?"

அவன் அளந்து பார்த்தானா என்று அவளுக்குத் தெரியாது. மமதாம்மா நகர்ந்தாள்.

ஹரிஷின் மனைவி கிருத்திகா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூளைக் காய்ச்சல். மாசியில் வந்தது, மாசியிலேயே முடிந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. குழந்தை இல்லை. அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள்தான் இந்த வீட்டைப் பிடித்தாள். அவள் போன பிறகு ஹரிஷ் இதைக் காலி செய்துவிட்டு, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீசுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பி.ஜி. விடுதியில் சேர்ந்துவிடுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். குடியாத்தத்திலிருந்து அவன் அண்ணன் அதையேதான் சொன்னான். ஹரிஷ் சரி என்றான். போகவில்லை. எதைச் சொன்னாலும் சரி என்றான், எதையும் செய்யவில்லை.

சாந்தகுமாரியின் வீடு இரண்டு தெரு தள்ளி. காலையில் கம்பெனி கேப் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு தன்னிடம் இருந்த சாவியால் திறந்து வருவாள். கூட்டித் துடைத்து, துணி மடித்து, குழம்பு வைத்து மூடிவிட்டு, அவன் திரும்புவதற்குள் போய்விடுவாள். பெண்டாட்டி இல்லாத மாப்பிள்ளை வீட்டில் விளக்கு வைத்த பிறகு மாமியார் இருக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே போட்டுக்கொண்ட சட்டம். ஹரிஷ் கதவைத் திறந்தால் தாளித்த வாசனை மட்டும் இருக்கும். சட்டைகள் கிருத்திகா மடிப்பது போலவே கைகள் உள்பக்கம் போய் மடிந்திருக்கும். இந்த வாசனையும் மடிப்பும் ஒரு நாள் நின்றுவிட்டால் என்கிற இடத்துக்கு மனம் வரும்போது அவன் எழுந்து நடப்பான். ஹாலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து பால்கனிக்கு, திரும்ப ஹாலுக்கு. கீழே மமதாம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

தொட்டி வந்ததும் ஒரு சரியால்தான். அவனோடு வேலை பார்த்த நிருபமா கனடாவுக்குப் போகிறாள். கடல் மீன் வளர்த்த தொட்டி, மோட்டார், விளக்கு எல்லாம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா என்றாள். சரி என்றான். அதற்குப் பிறகுதான் சனி, ஞாயிறுகளுக்கு ஒரு பிடி கிடைத்தது.

வேலை நிறைய இருந்தது. முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். மணலைச் சாந்தகுமாரி குளியலறையில் உட்கார்ந்து அரிசி களைவது போலக் களைந்தாள். கழுநீர் வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது. "இத்த ஒலைல போட்டா பதம் வர்றதுக்குள்ள எனக்கு அறுவது முடிஞ்சிடும்" என்றாள். காய்ந்த கற்களை ஹரிஷ் குகை மாதிரி அடுக்கி ஒட்டினான். பெரிய நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் சுத்திகரித்த தண்ணீரை ஊற்றி, கடலுப்புத் தூளைக் கொட்டி, மாமனார் எத்திராஜ் ஒரு பி.வி.சி. குழாயால் கிண்டினார். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும்.

"கடலாண்ட ஊடு கட்டறவன் கீறான். ஊட்டாண்ட கடல் கட்டறவன இப்பதான் பாக்கறேன்" என்றார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "மெரினா மாதிரியே கீது, மாப்ள."

"நாக்க வெக்காதய்யா அதுல" என்றாள் சாந்தகுமாரி. "மீனு வர்றதுக்கு முன்னாடியே செத்துறப் போவுது."

ஹரிஷ் உப்பின் அளவு காட்டும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "இன்னும் ஒரு கப்" என்றான்.

உப்புத் தண்ணீர் நிறைந்து, அலை மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லில் குடியேறும் வரை மீன் விடக் கூடாது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்லின்மேல் பழைய டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு படர்ந்தது.

"பாசி புடிச்சிகிச்சி மாப்ள. நார் போட்டுத் தேச்சிடட்டா?"

"வேணாம் அத்தே. அது வரணும். வந்துட்டுப் போகணும்."

"எப்பப் போவும்?"

"தெரியாது."

சனிக்கிழமை தோறும் அவன் விவேக் நகரில் ரெமிஜியஸின் மீன் கடைக்குப் போய் நின்றான். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நடப்பான். ரெமிஜியஸுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தெரியும், பெரும்பாலும் தப்பாக இருக்கும், ஆனால் மனிதர் நல்லவர். "சார், இப்படி ஆலாப் பறக்காதீங்க. இப்பவே மீன் எடுத்துகினு போனீங்கன்னா நான் வித்துகினே இருப்பேன், நீங்க பொணம் எடுத்துகினே இருப்பீங்க" என்றார்.

"சரி" என்றான் ஹரிஷ்.

கார்த்திகை முடிகிற சமயம் பழுப்பு தானாகவே உதிர்ந்தது. முதலில் நத்தைகள் வந்தன. பிறகு ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள், மீசை நீண்ட ஓர் இறால். கடைசியாக, கடலில் எடுக்காமல் கடைத் தொட்டியில் வளர்த்தெடுத்த பொத்தான் பவளம், ஒரு கல்லின்மேல் கொத்தாக. விளக்கு எரிந்தால் பச்சைப் பூக்களாக விரியும், அணைத்தால் மொட்டாக மூடிக்கொள்ளும். இறால் மீனின் மேல் ஏறி உட்கார்ந்து அதன் கன்னத்தைச் சுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டுச் சாந்தகுமாரி அதற்கு பார்பர் என்று பெயர் வைத்தாள்.

ஹரிஷ் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தான். தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். அதனால் உப்பில்லாத நல்ல தண்ணீரை, எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு ஊற்ற வேண்டும். கண்ணாடியில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டுக் காட்டினான். "இந்தக் கோடு வரைக்கும். அந்த வெள்ளைக் கேன்ல இருந்து."

"இவ்ளோதானா?" என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து மற்ற வேலைகளுக்கு முன்னால் இதைத்தான் செய்தாள். துவைப்பதும் துடைப்பதும் செத்துப்போன மகளுக்காகச் செய்வது. இது அப்படி இல்லை. இந்த வீட்டில் அவள் வந்தால்தான் நடக்கிற ஒரு காரியம்.

மார்கழிக் குளிரில் அவரைக்காய் வந்து தெருவெல்லாம் குவிந்தது. முந்தின நாள் இரவே கொட்டைகளை ஊற வைத்து எடுத்துவந்து, தொட்டிக்கு எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்குவாள். தோல் ஒரு பக்கம், வழவழவென்று பருப்பு ஒரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் கருவாடு வாங்கி வந்தபோது சமையலறைக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"எதுக்குடி?"

"அதுங்க பாக்குது இல்ல? சொந்தக்காரனா இருந்தா?"

எத்திராஜ் சிரித்துச் சிரித்து இருமினார். ஹரிஷின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. சாந்தகுமாரி அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி கருவாட்டைக் கழுவப் போனாள்.

அந்த மாதத்தில்தான் ஹரிஷின் அண்ணன் எத்திராஜுக்கே நேரடியாகப் போன் செய்தான். வருஷத் திதிக்கு முன்னால் கிருத்திகாவின் சீர்ச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றான். பிள்ளை இல்லாமல் பெண் போய்விட்டால் அவள் கொண்டுவந்தது பிறந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும், அதுதான் முறை. ஆம்பூரில் ஒரு பெண் இருக்கிறது, அவர்கள் வந்து பார்க்கும்போது வீடு சுத்தமாக இருக்க வேண்டும். "உங்க மனச நோவடிக்கணும்னு சொல்லல மாமா. உங்களுக்கும் ஒரு விடுதல. அத்தையும் எத்தன நாளைக்கு ரெண்டு ஊட்டு வேல செய்வாங்க?" தை கடைசி ஞாயிறு வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். ஹரிஷிடம் கேட்டதற்கு அவன் சரி என்றானாம்.

எத்திராஜ் இதை வீட்டில் சொன்னபோது சாந்தகுமாரி பருப்புப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் கழிந்து நத்தைகள் சாக ஆரம்பித்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்தது மணலில் மல்லாந்து விழும், பிறகு நிமிராது. பவளம் பாதிதான் விரிந்தது. ரெமிஜியஸ், "பெங்களூர் குளிர் சார், வேறென்ன" என்று பெரிய ஹீட்டர் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த வாரம் உப்பில் கோளாறு என்றார். இறால் ஒரு நாள் காலை கல்லிடுக்கில் வெளுத்துக் கிடந்தது. ஹரிஷ் அதை எடுத்துப் பொட்டலம் கட்டிக் குப்பையில் போட்டான். மாமியாரிடம் சொல்லவில்லை. ஆபீசில் மீட்டிங்கில் உட்கார்ந்து தொட்டியைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தான். கிடைத்த பரிசோதனைப் புட்டிகளை எல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் புட்டியில் மட்டும் நிறம் மாறக் கூடாது, மாறியது. அது தாமிரம் பார்க்கிற புட்டி.

தாமிரம் எங்கிருந்து வரும்? மோட்டாரைப் பிரித்துப் பார்த்தான். விளக்கின் திருகாணிகளைப் பார்த்தான். கண்ணாடி துடைக்கிற காந்தங்களைக் கழற்றினான். மூன்று அறைக்கும் நடந்தான்.

அந்த வாரம் ஆபீசில் கரண்ட் வேலை என்று ஒரு நாள் மதியமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தபோது சாந்தகுமாரி முக்காலியின் மேல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் பளபளவென்று செப்புக் குடம். தொட்டிக்குள் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்பரு, எங்கடா போய்ட்ட? நாலு நாளா கண்ணுலயே படமாட்டேன்ற..." திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டாள். "வந்துட்டீங்களா மாப்ள? பிளாஸ்டிக் கேன்ல இருந்து ஊத்த எம் மனசு ஒப்பல. நாத்தம் அடிக்குது. ராத்திரி பூரா செப்புல நின்ன தண்ணி, நாமளே குடிச்சா எவ்ளோ நல்லது? இது அவ சீர்க் குடம்தான். பரண்ல சும்மா கெடந்துச்சி. புளி போட்டு வெளக்கினேன், எப்டி கீது பாருங்க." குரல் தாழ்ந்தது. "வேலைல கீற சாமான யாரும் எடுத்துகினு போவ மாட்டாங்க இல்ல?"

ஹரிஷ் குடத்தைப் பார்த்தான். பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான்.

"நல்லாருக்கு அத்தே" என்றான்.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். அதைச் சொன்னால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், மறுநாள் வரமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அதனால் அடுத்த நாள் காலை கேப் வருவதற்கு முன் வெள்ளைக் கேனிலிருந்து அவனே கோடு வரைக்கும் ஊற்றிவிட்டுப் போனான். அதற்கு மறுநாளும். குறையாத தொட்டிக்கு ஊற்ற என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை அவன் கையில் குவளையோடு நிற்கும்போதே கதவு திறந்தது. சாந்தகுமாரி தலைகூட வாராமல் வந்திருந்தாள்.

"அப்ப நீங்கதான் ஊத்தறீங்க."

"ம்."

"நேத்தும்."

"ம்."

"அதான பாத்தேன். ரெண்டு நாளா கோட்டுலயே நிக்குதேன்னு." அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சரி மாப்ள. எனக்குப் புரிஞ்சிபோச்சி. நாயித்திக்கெழம உங்க அண்ணன் வண்டி எடுத்துகினு வர்றாரு. அதுக்கு முன்னாடியே கைய எடுத்துக்கன்னு வாயால சொல்லக் கூடாதா? தண்ணிய ஊத்தித்தான் காட்டணுமா?"

"அது இல்ல அத்தே."

"பின்ன இன்னா?"

கீழே கேப் ஹாரன் அடித்தது.

"குடம்" என்றான். "செப்பு தண்ணில எறங்கும். நமக்கு ஒண்ணும் ஆகாது. நத்தைக்கும் எறாலுக்கும் பவளத்துக்கும் விஷம்."

அவள் தொட்டியைப் பார்த்தாள். மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாமேவா?"

"மீன் தாங்கிடுச்சு."

"பார்பரு?"

"போன வாரமே."

"நான் தெனம் கூப்ட்டுகினு இருந்தேனே."

"ம்."

"அன்னிக்கிக் குடத்தப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிகினா நல்லாருக்குன்னீங்க?"

"உங்க மனசு..."

"எம் மனசு!" சாந்தகுமாரி எழுந்துவிட்டாள். "எம் பொண்ணு ரசத்துல புளி கொஞ்சம் ஜாஸ்தியானா தட்டத் தள்ளி வெச்சிட்டுக் கத்துவா. தெரு முனைக்குக் கேக்கும். அவங்கப்பன் இன்னிக்கும் கத்தறாரு. நீ? ஒரு வருசமா நான் இன்னா ஆக்கி வெச்சாலும் துன்னுட்டு, தட்டக் கழுவிக் கவுத்து வெச்சிட்டுப் போற. ஒரு நாள் வேணும்னே உப்பில்லாம வெச்சேன். அத்தயும் துன்ன. லாட்ஜில தங்கறவன்கூட கொற சொல்லுவான்யா! வெசத்த ஊத்திகினு கீறேன், அதக்கூட சொல்ல மாட்டியா? நான் யாரு உனக்கு? வேலக்காரியா இருந்தா திட்டியாவது இருப்ப."

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் குடத்தை எடுத்துக்கொள்ளச் சமையலறைக்குள் போனாள்.

"சொன்னேனா இல்லயா?" என்றான் ஹரிஷ்.

அவள் திரும்பினாள்.

"வெள்ளக் கேன்ல இருந்துதான் ஊத்தணும்னு சொன்னேனா இல்லயா?" குரல் உடைந்து ஏறியது. அவனுக்கே அது யாருடையதோ போல இருந்தது. "கேட்டீங்களா? யாரு கேட்டாங்க குடத்த? எப்பப் பாரு உங்க இஷ்டம்! பீரோல அவ புடவையெல்லாம் எடுத்து எங்க வெச்சீங்க? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? தேடறேன் தேடறேன், கெடைக்க மாட்டேங்குது. கேக்கலாம்னு வந்தா நீங்க இருக்க மாட்டீங்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள ஓடறீங்க. யாரு ஓடச் சொன்னாங்க? நான் இன்னா பேயா? ஆக்கி மூடி வெச்சிட்டுப் போயிடறது. எவன் துன்றான், எப்டித் துன்றான், நின்னு பாத்தீங்களா ஒரு நாளு? லாட்ஜா நடத்துறது நீங்கதான்! நான் இல்ல!"

கையிலிருந்த குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் எறிந்தான். தண்ணீர் சுவர் வரை சிதறியது.

"ஏனாய்த்து?" என்று கீழேயிருந்து மமதாம்மாவின் குரல் வந்தது. "சாந்தம்மா, தொட்டி ஒடஞ்சுதா?"

சாந்தகுமாரி பால்கனிக்குப் போய்க் குனிந்தாள். "ஒண்ணும் இல்லம்மா. மாப்ள என்னத் திட்றாரு" என்றாள். தெருவில் காத்திருந்த கேப் டிரைவரிடமும் சொன்னாள்: "நீ போப்பா. அவரு இன்னிக்கி வரல."

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஆச்சா? இன்னும் கீதா?"

"இருக்கு" என்றான். மூச்சு வாங்கியது.

"வேல செஞ்சிகினே திட்டு. புடவ கட்டில் பொட்டிக்குள்ள கீது, பூச்சி உருண்ட போட்டு வெச்சிருக்கேன். இப்ப இந்தத் தொட்டிக்கு இன்னா பண்ணணும்?"

"எல்லாத்தயும் எடுத்துக் கொட்டணும். கல்லு, மண்ணு, தண்ணி எல்லாம். கல்லுல ஏறிடுச்சு, போகாது. மறுபடி மொதல்ல இருந்து."

"அந்தப் பழுப்பு வந்து, போயி?"

"ஆமா."

"சனியன்" என்று முந்தானையைச் செருகினாள்.

எத்திராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மீன்களுக்குப் புது உப்புத் தண்ணீர் கலக்கி, புதுப் பிளாஸ்டிக் பக்கெட்டில் ஹீட்டரையும் காற்றுக் குழாயையும் போட்டு விட்டார்கள். அவை இரண்டும் சுவர் ஓரம் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. எத்திராஜ் கற்களைப் பெயர்த்துச் சிமென்ட் மூட்டையில் போட்டார். ஹரிஷ் குழாய் வைத்துத் தண்ணீரைக் குளியலறைக்கு இழுத்தான். சாந்தகுமாரி முறத்தால் மணலை அள்ளினாள். அவள் கலக்கிய தண்ணீரில் கை விட்டபோதெல்லாம் அவன் கத்தினான், அவளும் கத்தினாள். எத்திராஜ் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார்.

"இன்னா சாந்தா, உனுக்கும் மாப்ளைக்கும் சண்டையா?"

"உன் வேலயப் பாருய்யா."

கொஞ்ச நேரம் கழித்து அவள் குடத்தைத் தூக்கி வந்து எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றினாள். "நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னியே. அப்ப நாம குடிப்போம்."

பொழுது சாய்ந்தது. தொட்டி வெறும் கண்ணாடியாக நின்றது, மார்க்கர்க் கோடு மட்டும் மிச்சம். எத்திராஜ் மூட்டைகளின் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். சமையலறையில் சாந்தகுமாரி ஸ்விட்சைத் தட்டி விளக்கைப் போட்டாள். கிருத்திகாவின் பெயர் வெட்டிய வெண்கலச் சீர்ப் பானையைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, பிதுக்குப் பருப்புக் குழம்பை அதில் கூட்டி வைத்தாள். சோம்பு அரைத்த வாசனை ஹாலுக்கு வந்தது.

ஹரிஷின் போன் அடித்தது. அண்ணன்.

"வண்டி சொல்லிட்டேன்டா. நாளன்னிக்கிக் காலைல வந்துடறோம்."

"வா" என்றான் ஹரிஷ். "வண்டி வேணும். கல்லும் மண்ணும் மூட்ட மூட்டையாக் கெடக்குது, கொண்டும்போயிக் கொட்டணும். தூக்க ஆளும் வேணும்."

"கல்லா? இன்னாடா ஒளர்ற? சீர்ச் சாமான்லாம் எடுத்து வெச்சாச்சா?"

ஹரிஷ் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

"அதெல்லாம் அடுப்புல கீது. கொழம்பு கொதிக்குது."

"டேய், அவங்க இன்னும் அங்கியா கீறாங்க? வெளக்கு வெச்ச நேரத்துல?"

"சோறு போடறாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, மாமனாரை எழுப்பப் போனான்.